நத்தார் அட்டையின் உள்பக்கம்: மட்டக்களப்புக் கடையொன்றில் வாங்கிய அட்டைகள் பற்றி

மட்டக்களப்பு நகரில் நத்தார் வாழ்த்து அட்டை வாங்குவது முன்போல் எளிதான காரியமாக இல்லை. கார்த்திகை பிறந்து மழை கட்டிக்கொண்டதும் புத்தகக்கடை வாசல்களில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலான கடைகளில், அப்பியாசக் கொப்பிகளுக்கும் கைத்தொலைபேசி உறைகளுக்கும் நடுவே, ஓரம் மஞ்சளித்த பழைய இருப்பில் பத்துப் பதினைந்து அட்டைகள் கிடந்தால் அதுவே பெரிது. கோட்டைமுனையில், திருமலை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் சிறிய புத்தகக்கடை இதற்கு விலக்கு. அங்கே இன்றும் நத்தாருக்கென ஒரு கண்ணாடி அலுமாரி முழுவதையும் ஒதுக்குகிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. அந்தப் பக்கம் நின்று நத்தார் அட்டை விற்கும் கடை எது என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள்.

அட்டைகளை நான் ஒரேயொரு கேள்வியை வைத்துத்தான் தரம் பிரித்திருக்கிறேன்: கையால் எழுதி அனுப்புவதற்கு இது உகந்ததா? முகப்புப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே எழுத இடமில்லாத அட்டையும், எழுதினால் மை பிடிக்காத அட்டையும் என் தேவைக்கு உதவா. சொந்தக்காரர், பழைய மாணவிகள், என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என ஆண்டுதோறும் பலருக்கு எழுதுகிறேன். அவர்கள் அட்டையைத் திறந்ததும் தேடுவது நான் எழுதிய நாலு வரியைத்தான் என்பதை அவர்கள் திருப்பி எழுதும் பதிலிலிருந்து அறிவேன். அச்சிட்ட வாழ்த்துக்குக் கீழே ஒப்பமிட்டு அனுப்புவதோடு நிறைவடைகிறவர்களுக்கு இந்த மதிப்பீடு அதிகம் பயன்படாது; அவர்களுக்கு அந்த அலுமாரியில் உள்ள எல்லா அட்டையும் நல்ல அட்டைதான்.

அலுமாரியின் மேல்தட்டில், கண்ணில் முதலில் படும் இடத்தில், கொழும்பிலிருந்து வரும் மினுங்கல் அட்டைகள் இருக்கின்றன. விலை 250 ரூபாயிலிருந்து 600 ரூபாய் வரை. பனி மூடிய தேவாலயம், கலைமான் வண்டி, மூட்டை சுமந்த நத்தார் பப்பா ஆகிய வழக்கமான படங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது கடதாசியைப் பற்றி. இரு பக்கமும் வெண்களிமண் பூசி மெருகேற்றிய ஆர்ட் அட்டையில் மை உள்ளே இறங்க வழியில்லை. அது பூச்சின் மேலேயே நின்று காற்றில் உலர வேண்டும், மார்கழி மாதத்து மட்டக்களப்பில் அந்தக் காற்றே ஈரமாக இருக்கிறது. ஜெல் பேனையால் நான் எழுதிய வரி, இரவு முழுவதும் மேசையில் திறந்தபடி கிடந்த பின்னும், காலையில் பெருவிரல் பட்டதும் ‘அன்புள்ள’ என்ற சொல்லின் கடைசி எழுத்திலிருந்து அட்டையின் ஓரம்வரை நீலக் கறையாக இழுபட்டது. மைப் பேனையின் நிலை அதைவிட மோசம்: மை கோடாக ஓடாமல் துளித்துளியாகக் கூடி நிற்கிறது. குமிழ்முனைப் பேனை மட்டும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது, ஆனால் முனை வழுக்குவதால் எழுத்துக்கு ஒரு பிடிமானம் கிடைப்பதில்லை.

போதாக்குறைக்கு, உள்ளே வலப்பக்கத்தின் முக்கால் பங்கைப் பொன்னிற எழுத்தில் அச்சிட்ட ஆங்கிலப் பா ஒன்று பிடித்துக்கொள்கிறது. மிச்சமுள்ள இரண்டு விரற்கடை இடத்தில் ஆங்கிலத்தில் வேண்டுமானால் ஒரு வாக்கியம் அடங்கும். தமிழில் ‘அன்புள்ள பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும்’ என்று தொடங்கினாலே ஒரு வரி முடிந்துவிடுகிறது. இதே தட்டில் திறந்தால் பாடும் அட்டைகளும் உண்டு. எழுதுவதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லை என்பதோடு, மின்கலம் இறந்த பின் அவை தடித்த அட்டையாக மட்டும் மிஞ்சும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒன்று வாங்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எழுத இடம் விடாத பழக்கம் அட்டையோடு கூடப் பிறந்ததுதானே என்று ஒருவர் கேட்கலாம். விற்பனைக்கென அச்சான முதலாவது நத்தார் அட்டையை 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜோன் கோல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு வரைவித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1840இல், பிரித்தானியா எங்கும் ஒரே ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தபோது அதற்காக உழைத்தவர்களில் கோலும் ஒருவர். கடிதம் மலிந்ததன் விளைவு அவர் வீட்டு வாசலுக்கே வந்தது: குவிந்த வாழ்த்துக் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரம் போதாமல், அட்டை அச்சிட்டு அனுப்பும் வழியைக் கண்டார். ஒரு ஷில்லிங்குக்கு விற்ற அந்த அட்டையில், பெறுகிறவர் பெயருக்கும் அனுப்புகிறவர் பெயருக்கும் சிறிது இடம் விட்டிருந்தார்களே தவிர, வேறொன்றும் எழுத வசதி இல்லை. நீண்ட கடிதத்தைத் தவிர்ப்பதற்காகப் பிறந்த பொருளில் நான் கடிதம் எழுத இடம் தேடுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோலின் மேசையில் கடிதங்கள் குவிந்து கிடந்தன. என் வீட்டுக்கு வரும் தபாலில் மின்சாரப் பட்டியலும் வங்கிக் கடிதமும் போனால், ஒருவர் கையால் எழுதியதென்று எஞ்சுவது மார்கழியில் வரும் அட்டைகள் மட்டுமே. அப்படியிருக்க, அதில் எழுத இடம் வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

நடுத்தட்டில் உள்ளவை உள்ளூர் அச்சகங்களில் தமிழில் அச்சிட்டவை, 100 ரூபாய் முதல் 150 ரூபாய் வரை. இவற்றில் படங்கள் நம் ஊருக்குரியவை. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் கட்டடம், புளியந்தீவு மரியன்னை பேராலயம், வாவியில் தோணி, பாலன் குடில் என்று பார்க்கப் பார்க்க வாங்கத் தூண்டுகின்றன. கல்லூரிப் படம் போட்ட அட்டையை வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர்களுக்கு அனுப்புவதற்கென்றே வாங்கிப் போகிறார்களாம். அவுஸ்திரேலியாவில் உறவினர் உள்ள பறங்கியர் குடும்பங்களும் இந்தத் தட்டின் நிரந்தர வாடிக்கையாளர் என்று உரிமையாளர் சொன்னார். கடதாசியும் பரவாயில்லை: வெளிப்பக்கம் மட்டும் பளபளப்பு, உள்பக்கம் பூச்சில்லாமல் இருப்பதால் எந்தப் பேனைக்கும் இடம் கொடுக்கிறது.

குறை அச்சுக்கோப்பில் இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து புதியதற்கு மாற்றும்போது நேரும் உடைசலை ஒருவரும் ஒப்புநோக்கவில்லை போலும். நான் வாங்கிய ஒன்றில் ‘பெருவிழா’ என்ற சொல்லின் கொம்பு முந்திய சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு, எழுத்து அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு அந்த அட்டையைக் கொடுக்க ஒரு தமிழாசிரியைக்கு மனம் வராது. அத்தோடு, ஆங்கிலப் பா போய் அதன் இடத்தில் தமிழ்ப் பா வந்திருக்கிறது. வேதவசனம் ஒன்று, எட்டு வரிக் கவிதை ஒன்று, ‘அன்புடன்’ என்று புள்ளிக்கோடு ஒன்று. வேதவசனத்தை நான் குறை சொல்லவில்லை, அது இருக்க வேண்டியதே. அந்த எட்டு வரிக் கவிதையை யார் எழுதுகிறார்கள், யார் கேட்டு அச்சிடுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

கைவேலை அட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேவாலயம் ஒன்றின் மாதர் சங்கத்துப் பெண்கள் செய்து கொடுப்பவை இவை. ஒன்று 400 ரூபாய். தடித்த அட்டையின் முகப்பில், அம்பாறை மாவட்டத்து மருதமுனையின் கைத்தறித் துணிகளில் மிஞ்சிய துண்டுகளை நட்சத்திரமாகவும் குடிலாகவும் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். மருதமுனைச் சாரத்தின் கரைக்கோடுகள் மூன்று ஞானியரின் அங்கிகளாக மாறியிருந்த ஓர் அட்டையை நான் அனுப்ப மனமில்லாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். முஸ்லிம் ஊரொன்றில் நெய்த துணி கிறிஸ்தவப் பெண்களின் கையில் நத்தார் அட்டையாகி, இந்துக்களான என் அயல்வீட்டாருக்குப் போய்ச் சேருவது இந்த மாவட்டங்களில் யாரும் அதிசயமாகப் பேசுகிற விடயம் அல்ல. இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் எழுதுகிறவரின் கண்ணால் பார்த்தால் கைவேலை அட்டையிலும் சிக்கல் உண்டு. துணி ஒட்டிய பசை உள்பக்கம்வரை ஊறி, சரியாக எழுதும் இடத்தில் ஒரு மேடு விழுகிறது; பேனை அதில் ஏறி இறங்கும்போது வரி கோணுகிறது. இடப்பக்கத்தில் எழுதாமல் வலப்பக்கத்தில் மட்டும் எழுதினால் இதைச் சமாளிக்கலாம். எடையையும் கவனிக்க வேண்டும். சதுர மீற்றருக்கு 300 கிராம் உள்ள அட்டையில் ஏ4 அளவுத் தாளை மடித்தால் அட்டை மட்டுமே ஏறக்குறைய 19 கிராம். துணியும் பசையும் உறையும் சேர்ந்தால் தபாற் கட்டணம் கூடக்கூடும். கையில் கொண்டுபோய்க் கொடுக்க இதைவிட நல்ல அட்டை அந்தக் கடையில் இல்லை. தபாலில் அனுப்புவதற்கு நான் இதைத் தெரிவு செய்ய மாட்டேன்.

நான் அதிகமாக வாங்கியது கீழ்த்தட்டில், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில், கட்டுக்கட்டாக இருந்த வெள்ளை அட்டையை. விலை 80 ரூபாய், பத்தாக எடுத்தால் 700 ரூபாய். முகப்பில் ஒரே நிற மையில் கல்லடிப் பாலத்தின் கோட்டோவியம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம்தான், புதியது அல்ல. பாலத்துக்கு மேல் ஒரு சிறு நட்சத்திரம், அதன் கீழ் ‘நத்தார், புத்தாண்டு வாழ்த்துகள்’ என்று ஒரு வரி, வேறு அலங்காரம் இல்லை. திறந்தால் உள்ளே இரு பக்கமும் வெறுமை. பூச்சில்லாத ஐவரி அட்டை என்பதால் மைப் பேனையில் எழுதினாலும் மை பரவாமல், எழுதிய இடத்திலேயே படிந்து சீக்கிரம் உலர்கிறது. என் கையெழுத்தின் அளவில், தமிழில், வலப்பக்கம் மட்டும் பன்னிரண்டு வரி பிடித்தது. வீட்டுச் செய்தி, மகளின் திருமணச் செய்தி, மழைச் செய்தி மூன்றையும் நெருக்கமில்லாமல் எழுத அது தாராளம்.

இந்த அட்டையில் எனக்குள்ள மனக்குறை மடிப்பைப் பற்றியது. மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே கோடு அழுத்தாமல் விட்டிருப்பதால், தானாக மடிக்கும்போது அட்டையின் நார் வெடித்து ஓரத்தில் வெண்பிசிறு எழும்புகிறது. அடிமட்டத்தை வைத்து, எழுதாத பேனை முனையால் ஒரு தடவை அழுத்திக் கோடிழுத்துவிட்டு மடித்தால் சரியாகிவிடும். கடையிலும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

உறைகளின் கதை வேறு. எந்தத் தட்டு அட்டைக்கும் இந்தக் கடையின் உறை ஈடுகொடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். நனைத்து ஒட்டும் பசை தடவிய உறைகள் மாரிகால ஈரத்தில் பெட்டிக்குள் இருக்கும்போதே தாமாக ஒட்டிக்கொள்கின்றன. எனக்குக் கொடுத்த கட்டிலும் சில உறைகளைக் கத்தி நுழைத்துத் திறக்க வேண்டியிருந்தது, திறந்தவற்றில் ஒட்டும் பசை மிச்சமில்லை. உரிமையாளர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கியதும் ஒவ்வோர் உறையின் மடலுக்கும் இடையில் எண்ணெய்த்தாள் துண்டு ஒன்றை வைத்து, தகர டப்பாவில் மூடி வைப்பது நல்லது. அளவிலும் பொருத்தமில்லை: வெள்ளை அட்டைக்கு உறை பெரிது, உள்ளே அட்டை ஆடுகிறது, மேல்தட்டு அட்டைகளுக்கோ உறை இறுக்கம்.

முகவரியை எதனால் எழுதுவது என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. உள்ளே மைப் பேனையால் எழுதலாம், உறையின் மேல் குமிழ்முனைப் பேனைதான். மைப் பேனைக்குரிய மைகளில் பெரும்பாலானவை நீரில் கரையும் சாயத்தால் ஆனவை; குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்ப் பசை சார்ந்தது, மழைத்துளிக்கு அசையாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன இரவில் அம்மாவின் கடிதப் பெட்டி முழுவதும் நனைந்தது. உலர்த்தி எடுத்தபோது மைப் பேனையில் எழுதிய அட்டைகள் நீலம் பாரித்த வெற்றுத் தாள்களாக இருந்தன. குமிழ்முனைப் பேனையில் எழுதியவற்றை இன்றும் படிக்கலாம், எழுதியவர்களில் பலர் இன்று இல்லை. நீண்ட நாள் வைத்திருக்கக்கூடியவருக்கு எழுதும்போது உள்பக்கத்துக்கும் அதையே நான் பயன்படுத்துகிறேன்.

கடையின் சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பொருளைவிட அது ஒரு படி மேல். ஒவ்வொரு வகையிலும் கழிவுத் துண்டு ஒன்றை வெட்டி வைத்து, பேனையையும் தந்து எழுதிப் பார்க்கச் சொல்கிறார்கள். “எழுதிப் பாத்திட்டு வாங்குங்க டீச்சர், வீட்ட கொண்டு போய் மை பிடிக்கல்ல எண்டு திரும்பிக் கொண்டு வந்தா எனக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல்” என்று உரிமையாளர் சொல்லும்போது, இந்த ஒழுங்கு எந்த அனுபவத்திலிருந்து வந்தது என்பது விளங்கிவிடுகிறது. இடம் நெருக்கம், இரண்டு பேருக்கு மேல் நின்றால் குடையை வைக்கவும் இடமில்லை. வங்கி அட்டையால் பணம் செலுத்த வசதி இல்லை, காசுதான். பின்னேரங்களில் பாடசாலைப் பிள்ளைகளின் கூட்டம் இருப்பதால் காலை பத்து மணிக்குப் போவது வசதி.

அட்டையின் விலையோடு முத்திரையின் விலையையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 2022 ஆகஸ்ட்டில் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. அந்த ஆண்டிலிருந்து அட்டை அனுப்புவதை நிறுத்திக்கொண்டவர்கள் என் வட்டத்திலேயே உண்டு. 80 ரூபாய் அட்டைக்கு 50 ரூபாய் முத்திரை என்றால் 130 ரூபாய். வட்ஸ்அப்பில் சுற்றும் படம் இலவசம்தான்; அதே படம் வெவ்வேறு ஆட்களிடமிருந்து ஒரே காலையில் பல தடவை வந்து சேர்வதை வைத்துப் பார்த்தால் அதன் பெறுமதியும் விலைக்கேற்றதே. நான் செய்தது, பட்டியலைச் சுருக்கியது. ஒரே ஊரில் உள்ளவர்களுக்குக் கையில் கொடுக்கிறேன், தூரத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் தபால்.

இலங்கை அஞ்சல் திணைக்களம் நத்தாரையொட்டி முத்திரை வெளியிடுவது வழக்கம். கருமபீடத்தில் கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் கையில் எது கிடக்கிறதோ அதுதான் வரும். ஆகவே கேட்டு வாங்குவது நல்லது. முகவரியில் அஞ்சல் குறியீட்டையும் எழுத வேண்டும்: மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300, அம்பாறைக்கு 32000. வெளிநாட்டுக்குப் போக வேண்டியவற்றை நவம்பர் கடைசியிலேயே தபாலில் சேர்த்துவிட்டால் மனம் ஆறுதலாக இருக்கும், உள்நாட்டுக்கு டிசம்பர் பத்தாந் திகதி என்பது என் எல்லை. பிந்திவிட்டதென்றால் கீழ்த்தட்டு அட்டையில் புத்தாண்டு வாழ்த்தும் சேர்ந்தே இருப்பது கைகொடுக்கும். பொங்கலுக்குக் கிட்டப் போய்ச் சேர்ந்தாலும் இந்து நண்பர்கள் அதைத் தங்களுக்குரியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

நடுத்தட்டு அட்டைகளின் படத்தையும் கீழ்த்தட்டு அட்டையின் வெறுமையான உள்பக்கத்தையும் சேர்த்து ஒரே அட்டையாகத் தர முடியாதா என்று உரிமையாளரிடம் கேட்டேன். முடியும், ஆனால் ஒரு படத்துக்கு 300 அட்டைக்குக் குறைந்தால் அச்சகத்தார் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள் என்றார். வேண்டியவர்களின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுத ஒரு கொப்பி திறந்திருக்கிறார். அடுத்த நத்தாருக்கு அச்சாக வேண்டுமானால் புரட்டாதி முடிவதற்குள் பதிய வேண்டும். பேராலயப் படத்துக்கு என் பெயரும் தோணிப் படத்துக்கு என் தங்கையின் பெயரும் அதில் ஏறியிருக்கின்றன. முற்பணம் கேட்பதில்லை. பதிந்துவிட்டு வாங்க வராதவர்களின் பெயரும் அதே கொப்பியில் இருக்கும் என்று மட்டும் சொன்னார்.